இரண்டு சீட் வண்டி

அப்படி ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லையே பிள்ளை, "நீங்க பஸ்ல வாங்கம்மா" என்றுதானே சொன்னாள், வேறு எப்படிச் சொல்வாள், அந்தக் காரில் இருப்பதே இரண்டு சீட்... வின்சி பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள், கம்பி சுட்டது, எடுத்துக்கொண்டாள், செத்த நேரத்தில் தன்னை அறியாமல் மறுபடியும் சாய்த்தாள். புரட்டாசி சனிக்கிழமை, ராஜபாளையத்தில் ஏறும்போதே நிற்க இடமில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுக்குப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கூடையிலிருந்த துளசி இவள் முழங்கையை உரசிக்கொண்டே வந்தது. பியூலாவின் முகத்தில் கோபம் இல்லை, போட்டி இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது, கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம், ஆறு வயதுப் பிள்ளையைச் சமாதானம் செய்ய ஒரு முத்தம் போதும், ஆனால் அவள் விருந்தாளிக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாளே, எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும், பால்கோவாக் கடை எந்தப் பக்கம் என்று எல்லாம் சேர்த்துச் சொன்னாளே. அப்பாவை நீ வா, நீ போ என்பாள். அம்மாவுக்கு நீங்க. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "மரியாத தெரிஞ்ச பிள்ளட்டி, சந்தோசப்படு" என்று புருஷன் எட்வின் சிரித்தான். இவளும் சிரித்தாள். மரியாதையா அது...

மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்று இவள் வாயெடுப்பதற்குள் பிள்ளையே சொல்லிவிட்டாள், "மடியில வச்சுப் போகக் கூடாது, நீங்கதான சொன்னீங்க?" ஆமாம், இவள்தான் சொன்னாள். பஹ்ரைனில் இவள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில், ஒரு நைட் டியூட்டியின்போது, தாயின் மடியில் இருந்து முன் கண்ணாடியில் மோதிய ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள், அந்தத் தாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை, அவள் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வின்சி கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் போனை மேஜையில் சாய்த்து வைத்து, பேசப் பேசப் போனையே எழுத வைத்து வீட்டுக்கு அனுப்பினாள், இனிமேல் ஒருக்காலும் பிள்ளையை மடியில் வைத்துக் காரில் போகக் கூடாது, யார் மடியிலும் கூடாது, தனி சீட், பெல்ட், பெல்ட் கழுத்தில் படாமல் உயரத்துக்கு மெத்தை. மறுநாளே எட்வின் மெத்தை தைத்துவிட்டான், போட்டோ அனுப்பினான். அவன் அப்படித்தான், சொன்னால் செய்துவிடுவான். மாடிப்படிக்குக் கம்பி வைக்கச் சொன்னாள், வைத்தான், பிள்ளைக்குப் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னாள், காட்டினான். அவள் சொன்னதெல்லாம் நடக்கிற வீடு, அவள் இல்லாமலே நடக்கிற வீடு. யார் மடியிலும் கூடாது என்று எழுதியபோது தன் மடியும் அதில் சேர்த்திதான் என்று தோன்றவில்லையே.

இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் தெளிவாகத்தான் அனுப்பியிருந்தாள், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, இல்லையா, இல்லையென்றால் உன் இடத்துக்கு வேறொரு பெண் தயாராக இருக்கிறாள். எங்கே போனாலும் இவள் இடத்துக்கு ஓர் ஆள் தயாராக இருப்பது... வீடு கட்டுவதற்காகப் போனாள், பிள்ளைக்கு அப்போது பால்பல்கூட முழுதாக முளைக்கவில்லை. வீடு கட்டியாயிற்று, பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிக் குடியேறியாயிற்று, இவள் அதை வீடியோவில் பார்த்தாயிற்று. இனி எதற்கு? எட்வினிடம் கேட்டாள். அவன் அப்போது காரின் ஆயில் கம்பியை உருவித் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்து மறுபடியும் விட்டு எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன் இஷ்டம் வின்சி" என்றான். நல்ல புருஷன் சொல்கிற வார்த்தைதான், ஊரில் எத்தனை பெண்களுக்கு அந்த வார்த்தை கிடைக்கும், கூட வேலை பார்க்கிற பெண்களிடம் சொன்னால் குடுத்து வைத்தவள் என்பார்கள். போகாதே என்று ஒரு வார்த்தை, அல்லது போ என்றாவது ஒரு வார்த்தை. கம்பியில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வளவு உற்றுப் பார்க்கிறவன்...

காலையில் விழித்தபோதே அவர்கள் இருவரும் காரோடுதான் இருந்தார்கள். எட்வின் வேலை பார்க்கிற மில்லின் முதலாளி வீட்டு மூத்தவர் எந்தக் காலத்திலோ வாங்கி ஓட்டிச் சலித்துக் குடோனில் போட்டிருந்த சிவப்புக் கார், ஃபைபர் உடம்பு, தாழ்ந்து தரையோடு தரையாக இருக்கும், கான்வாஸ் கூரையைக் கழற்றினால் வானம். குடோனைக் காலி பண்ணும்போது, "ஏம்ப்பா ஃபிட்டர், ஒனக்கு வேணும்னா தள்ளிட்டுப் போ" என்றாராம் அவர். தள்ளித்தான் கொண்டுவந்தான். தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற ஃபைபர் ஷீட்டை வைத்து விரிசல்களை ஒட்டினான், மில்லில் ஷிப்டு முடித்து வந்து வயரை எல்லாம் உருவிப் புதிதாக இழுத்தான். வாராவாரம் ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும், டயர் ஒரே பக்கம் அமுங்கிவிடும், அதனால் சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓர் ஓட்டம், அங்கே சூடாகக் கொஞ்சம் பால்கோவா, திரும்ப ஓர் ஓட்டம். இன்றும் பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியில் வெந்நீர் ஊற்றிக் கழுவினான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்தான், பிறகு பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் துடைக்க ஆரம்பித்தார்கள். இவளுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வார்டுல இத எண்ணிக் குடுப்பாங்க. நீங்க காரத் தொடைக்கீங்க." "சத்திரப்பட்டித் தறியில கழிவாக் கெடக்கதுட்டி. காருக்கும் ஒடம்பு சொகமில்லாம வரும்லா?" என்றான். பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள். சத்திரப்பட்டித் துணிதான் தன் வார்டுக்கும் வருகிறதோ என்னவோ, டப்பாவில் எந்த ஊர் என்று பார்த்ததில்லை, எத்தனையோ பேருடைய கையையும் காலையும் அதில் சுற்றியிருக்கிறாள்... தானும் துடைக்கலாமே என்று ஒரு துண்டை எடுத்து நின்றாள். வலது பக்கம் அப்பாவுக்கு, இடது பக்கம் பிள்ளைக்கு. பின்பக்கம் சின்னதுதான், அதையும் துடைத்திருந்தார்கள்.

பின்னாலிருந்து ஆரன் சத்தம் கேட்டது, அந்தக் காரின் ஆரன் எருமைக்கன்று கத்துவதுபோல இருக்கும், பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கூரை இல்லாத சிவப்புக் கார் பஸ்ஸை ஒட்டி வந்தது, மேலேயிருந்து பார்க்க ஒரு தொட்டிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல, எட்வின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுகிறான், பியூலா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு காற்றைப் பிடிக்கிறாள், முடியெல்லாம் பின்னால் பறக்கிறது, இவள் காலையில் போட்டுவிட்ட பின்னல் எங்கே போயிற்று... பிள்ளை பஸ்ஸைப் பார்த்துக் கை ஆட்டியது, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் சேர்த்து ஆட்டியது. வின்சியும் ஆட்டினாள். துளசிக்கூடை அம்மாளும் ஆட்டினாள். என்ன சந்தோஷம் அந்த முகத்தில். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துதான் வந்தது, நிறைந்த நெஞ்சு அப்படியே கனத்தும் போயிற்று, தூக்கம் வருவதுபோல இருந்தது, லீவில் வந்ததிலிருந்து தூங்கித் தூங்கி எழுந்தாலும் இந்த அசதி போகவில்லை, யாரையும் தூக்கவில்லை, யாருக்கும் ஊசி போடவில்லை, இருந்தும் ஏன் இப்படி... இவர்களுக்கு என்ன குறை? ஒரு குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாமே. குறை வேண்டும் என்று நினைக்கிறோமே, சீ, என்ன மனசு இது.

கார் முந்திப்போய் மறைந்தது. பஸ் பெருமாள் கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்தது, மேற்கே மலை மேகம் மூடிக் கிடந்தது, நடந்து போகிறவர்கள் ரோட்டைப் பாதி அடைத்துக்கொண்டு போனார்கள். பிறகு புளியமரத்தடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பானெட் திறந்திருந்தது, வெள்ளையாக ஆவி. "அண்ணே நிப்பாட்டுங்க!" எழுந்தேவிட்டாள். கண்டக்டர், "இங்கெல்லாம் ஸ்டாப்பிங் இல்லம்மா" என்றார். "எம் பிள்ள அங்க நிக்குது." அவர் குனிந்து பார்த்தார். "அந்தச் செவப்பு வண்டியா? அது வாராவாரம் போறதுதான, அவுக ரெண்டு பேருதான வருவாக. நீங்க யாரு?" பஸ்ஸே இவளைப் பார்த்தது. அம்மா என்று சொல்ல ஒரு நொடி ஆயிற்று. சொன்ன பிறகு அவர் விசிலடித்தார், ஒன்றும் கேட்கவில்லை, தப்பாகவும் பார்க்கவில்லை, இவள் படியிறங்கினாள்.

பதறிக்கொண்டு ஓடினால், பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து புளியங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது, "ஓஸ் பைப்பு வெடிச்சிருச்சும்மா" என்று ஏதோ பூனை குட்டி போட்டதுபோலச் சொன்னது. கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் இன்ஜின் சூடேறி, ரேடியேட்டருக்குப் போகிற பழைய ரப்பர் ஓஸ் வாயைப் பிளந்துவிட்டது. எட்வின் முகமெல்லாம் வேர்வை. "நீ எதுக்குட்டி எறங்குன?" என்றான். எதற்கு இறங்கினாள்? அவள் காரிலிருந்த பேண்டேஜ் சுருளை எடுத்தாள், ஆவி அடங்கும்வரை காத்திருந்து ஓஸைச் சுற்றினாள், ஒன்றின்மேல் பாதி ஒன்றாக, இறுக்கி, முடிச்சுப் போட்டு, கை தானாகச் செய்தது, இந்த ஊருக்கு வந்து அவள் கை நிம்மதியாகச் செய்த முதல் வேலை. தண்ணீர் ஊற்றினார்கள். துணி நனைந்து, கறுத்து, சொட்டி, பிறகு ஒழுகவே ஆரம்பித்தது. "டிஞ்சர் வைக்காம விட்டுட்டியே" என்றான் எட்வின். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, குனிந்து தண்ணீர்ப் பாட்டிலை மூடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் கண்ணுச்சாமி வந்தார், எட்வினோடு மில்லில் வேலை பார்க்கிறவர், கழுத்தில் துளசி மாலை, டி.வி.எஸ் வண்டியில் தேங்காய்ப் பை. "ஏலே எட்வின், பெருமாளுக்கு மொட்ட போட ஆளுதான் போகும், ஒன் காரும் மொட்டையோட வந்து நிக்குதே!" "வாய மூடும். டவுன்ல எறக்கி விடும், ஒரு ஓஸ் வாங்கணும்." "இத மாட்டுல பூட்டுனா இதவிட வெரசா வில்லிபுத்தூர் போயிரும்லே" என்றவர் வின்சியைப் பார்த்து, "வாங்க மதினி, எப்ப வந்திய, எப்பப் போறிய?" என்றார். இதுதான், இதேதான், ஒரே மூச்சில் இரண்டு கேள்வி, கோயில் வாசலில், பலசரக்குக் கடையில், பக்கத்து வீட்டில், எல்லோரும் அன்பாகத்தான் கேட்கிறார்கள், வந்ததற்கும் போவதற்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கக் கூடாதா? "வந்து கொஞ்ச நாளாச்சுண்ணே" என்றாள். இரண்டாவது கேள்விக்கு எட்வின் முகத்தைப் பார்த்தாள். அவன் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான், "வெயில்ல நிக்காதிய, ரெண்டு பேரும் காருக்குள்ள உக்காருங்க, மரத்து நெழல் நல்லா விழுது" என்றான், போய்விட்டார்கள்.

காரில் உட்கார்ந்தார்கள். பியூலா தன் மெத்தையில் ஏறி, தானே பெல்ட்டையும் போட்டுக்கொண்டது, நிற்கிற வண்டிக்கு எதற்கு பெல்ட் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மிச்சமிருந்தது ஸ்டியரிங் பக்கம். இதில் இவள் உட்கார்ந்ததே இல்லை. இவ்வளவு தாழ்வா, ரோட்டில் போகிறவர்களின் முட்டிதான் கண்ணுக்கு நேராக வருகிறது, ரப்பரும் பெட்ரோலும் பேண்டேஜ் துணியின் மொடமொடப்பும் சேர்ந்த மணம், எட்வினின் சட்டையில் வருகிற மணம் இதுதானா. சும்மா கையை வைத்துப் பார்த்தாள், கிளட்ச்சை மிதித்தாள், கியர் போடப் போன வலது கை கதவில் போய் இடித்தது. விரல் முட்டி வலித்தது. பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. "கியர் இந்தப் பக்கம்மா! இந்தா, எங்கிட்ட இருக்கு." "எங்க ஊர்ல கியர் அந்தப் பக்கம்" என்றாள் வின்சி.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எங்க ஊரா. எப்போதிலிருந்து? சேத்தூரில் பிறந்து, ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, பெட்டி கட்டும் ஒவ்வொரு முறையும் ஏர்போர்ட் பாத்ரூமில் அழுதவள், ஒரு அறையில் நாலு கட்டிலும் ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. மிஷின்களின் முதுகுமாக இருக்கிற அந்த இடத்தை... பிள்ளை ஒன்றும் அதிர்ந்துபோகவில்லை, ரொம்ப இயல்பாக அடுத்த கேள்விக்குப் போயிற்று. "உங்க ஊர்ல உங்க காருல பக்கத்துல யாரு உக்காருவா?" "யாரும் இல்லடா. அது என் காரும் இல்ல, ஆஸ்பத்திரிக் காரு, சில நாளு ஓட்டுவேன். பக்கத்துல என் பையி இருக்கும்." "பைக்கு எதுக்கு சீட்டு?" "சும்மா இருக்கேன்னு வைக்கது." பியூலா புளியங்காயைச் சப்பிக்கொண்டே யோசித்தது. "அப்ப அங்க ஒரு சீட்டு சும்மாத்தான் கெடக்கா?" கிடக்கிறது. ஆமாம், கிடக்கிறது. என்ன கேட்கிறாள் இவள்? நான் வரவா என்றா? நீ ஏன் அங்கே தனியாக என்றா? இல்லை, ஒரு சீட் எங்கே சும்மா கிடக்கிறது என்று கணக்குப் பார்க்கிற பிள்ளைக் கணக்குதானா, இந்த வயதில் எல்லாமே கணக்குத்தானே... "நீ வந்து உக்காருதியா?" என்று கேட்கலாம், வாய் வரைக்கும் வந்தது, வருவேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. பைக்குள் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர். எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் கேள்விக்குறி. அங்கேயும் காலைதான், கையில் காபியோடு அனுப்பியிருப்பாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளையின் தலை சொக்கிச் சொக்கி, பெல்ட் பிடித்து நிறுத்த, பாதியில் தொங்கியது. வின்சி இடது கையை நீட்டிக் கன்னத்துக்குக் கீழே கொடுத்தாள். புளிச்சாறு பிசுபிசுத்தது. எடுக்கவில்லை. ரோட்டில் கோவிந்தா கோவிந்தா என்று ஒரு கூட்டம் போயிற்று, ஒருவர் நின்று காரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார். கை மரத்துப் போயிற்று. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், எட்வின் மெதுவாகவே வரட்டும், ஓஸ் கிடைக்காமலே போகட்டும் என்றுகூட இருந்தது.

ஓஸ் கிடைத்துவிட்டது. எதிர்ப்புறம் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினான், ஒரு கையில் ஓஸ், ஒரு கையில் பால்கோவாப் பொட்டலம். பிள்ளையின் கன்னத்துக்கடியில் இவள் கை இருப்பதைப் பார்த்தான், பொட்டலத்தை இவள் மடியில் வைத்துவிட்டு முன்னால் போனான். பானெட் திறந்தே இருந்ததால் அவன் தெரியவில்லை, அடியில் இரண்டு கால் மட்டும், ஸ்க்ரூ டிரைவர் கிளாம்பை இறுக்குகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். "ஸ்டார்ட் பண்ணு." "நானா?" "நீதான அங்க இருக்க. நியூட்ரல்லதான் கெடக்கு, சாவியத் திருப்பு." திருப்பினாள். இரண்டு முறை முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது, முதுகுக்குக் கீழே ஒரு பெரிய பிராணி எழுந்து நிற்பதுபோல, பியூலா கண்ணைத் திறந்து எங்கே இருக்கிறோம் என்று பார்த்தது. "ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் குடு. இன்னுங் கொஞ்சம். போதும், அப்பிடியே பிடி, விட்டுறாத." பிடித்தாள். டாஷ்போர்டில் சூட்டு முள் மெல்ல ஏறியது, அவன் குனிந்து ஒழுகுகிறதா என்று பார்க்கிறான் போலும், கால்கள் அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை.

"சாயங்காலம் அவியளுக்கு என்ன சொல்லப் போற?"

ஓஸைப் பற்றிக் கேட்கிற அதே குரல்தான். பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"என் இஷ்டம்னு சொன்னீங்களே."

"சொன்னேன். சொல்லிட்டு ஒறக்கம் இல்ல. போகாதன்னு சொன்னா, கட்டிப் போட்டுட்டான்னு பொறவு ஒரு நாள் தோணிருமோன்னு பயம். போன்னு சொல்ல வாய் வரல. அதான் கேக்கேன். என்ன சொல்லப் போற?"

"சொல்லுங்கம்மா, அப்பா கேக்குதுல்ல" என்றது பியூலா, பால்கோவாப் பொட்டலத்தின் நூலைப் பல்லால் இழுத்துக்கொண்டே.

கேட்டுவிட்டான். இந்த ஒரு கேள்விக்காகத்தானே வந்த நாளிலிருந்து காத்திருந்தாள், கேட்டால் போதும், அடுத்த நொடி பதில் தானாக வரும் என்றுதானே இருந்தாள், எல்லாப் பழியையும் அவன் கேட்காததின்மேல் அல்லவா சாய்த்து வைத்திருந்தாள்... இப்போது கேட்டுவிட்டான், பிள்ளையும் கேட்கிறது, இவளுக்குள்ளே தேடினால் அவர்கள் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு பதிலே இருந்திருக்கவில்லை, அதுவும் இப்போது இல்லை. அந்தப் பக்கம் அவன் கால்கள் நகராமல் நின்றன. முள் நடுவில் வந்து நின்றிருந்தது. வின்சி ஏற்றவும் இல்லாமல் இறக்கவும் இல்லாமல் பாதத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.